பெருந்தொற்றும் குடும்ப வாழ்வும்: புதுச்சேரி அனுபவம்

கோவிட்-19 பெருந்தொற்றைப் பற்றிய பெரும்பாலான பதிவுகள் நோயாளிகளின் எண்ணிக்கை, இறப்பு, மருத்துவமனைப் படுக்கை, தடுப்பூசி ஆகியவற்றையே பேசுகின்றன. நோய் ஒருவரையும் தொடாத வீடுகளிலும் அந்த இரண்டு ஆண்டுகள் பெரிய மாற்றங்களைச் செய்தன. கணவன் மனைவி உறவு, பிள்ளைகளின் படிப்பு, முதியவர்களின் அன்றாடம், இறந்தவரை வழியனுப்பும் முறை என எல்லாமே மாறின. இக்கட்டுரை அம்மாற்றங்களைப் புதுச்சேரி நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் கொண்டு விளக்குகிறது.

புதுச்சேரி சிறிய ஊர். நகரின் நடுவிலிருந்து எந்தத் திசையில் சென்றாலும் சிறிது நேரத்தில் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும். சுற்றுலா, மீன்பிடி, சிறு வணிகம், அரசுப் பணி ஆகியவற்றை நம்பிய குடும்பங்கள் இங்கு அதிகம். பிரெஞ்சு ஆட்சியின் தொடர்ச்சியாகப் பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்களும் உண்டு. ஆகவே ஒரு பெருந்தொற்று குடும்பத்தை எத்தனை வழிகளில் தாக்கும் என்பதை இந்த ஒரே ஊரில் காணலாம்.

காலவரிசை

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று குறிப்பிட்டது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் முதல் நோயாளி அடுத்த வாரமே, மார்ச் 17 அன்று, கேரளக் கரையிலுள்ள மாஹே பகுதியில் கண்டறியப்பட்டார். மார்ச் 22 அன்று மக்கள் ஊரடங்கும், மார்ச் 25 முதல் நாடு முழுவதற்குமான பொது ஊரடங்கும் நடைமுறைக்கு வந்தன.

கதிர்காமத்தில் உள்ள இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், கோரிமேட்டில் உள்ள ஜிப்மரும் நோயாளிகளைப் பெருமளவில் ஏற்றன. முதல் அலை 2020 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் உச்சம் தொட்டது. 2021 மே மாதம் வந்த இரண்டாம் அலை அதைவிடக் கடுமையானது. 2011 கணக்கெடுப்பின்படி 12,47,953 பேர் வாழ்ந்த இந்த யூனியன் பிரதேசத்தில் 1,900-க்கும் மேற்பட்டோர் கோவிட்டால் இறந்ததாக அரசுக் கணக்கில் பதிவாகியுள்ளது. ஒவ்வோர் இறப்புக்கும் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. உலக அளவிலான சுகாதார அவசரநிலை 2023 மே 5 அன்று முடிவுக்கு வந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

நூறாண்டுக்கு முந்தைய பாடம்

1918–19-இல் பரவிய இன்ஃபுளுயன்சா காய்ச்சல் உலகப் பெருந்தொற்றுகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்று. இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கும் மேற்பட்டோர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். 1911-க்கும் 1921-க்கும் இடையில் இந்திய மக்கள்தொகை குறைந்ததற்கு அது முதன்மைக் காரணம். முதியோரைவிட இளவயதினரை அது மிகுதியாகப் பலிகொண்டது. அதனால் குழந்தைகள் தாயை அல்லது தந்தையை இழந்தனர். காந்தியடிகளின் மூத்த மருமகள் அந்தக் காய்ச்சலில் இறந்தார். இந்திக் கவிஞர் நிராலா மனைவியையும் குடும்பத்தினர் பலரையும் இழந்தார்.

அன்று பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பெரும்பாலும் பாட்டி, அத்தை, சித்தப்பா வீடுகளே வளர்த்தன. மனத்துயருக்கு மருத்துவம் உண்டு என்ற எண்ணமே பரவலாக இல்லாத காலம் அது. கூட்டுக் குடும்பமும் ஊரும் அந்தச் சுமையைத் தாங்கின. 2020-இல் நிலைமை வேறு. குடும்பங்கள் சிறுத்திருந்தன. தாங்க வேண்டிய உற்றார் ஊரடங்கால் வர முடியாமல் இருந்தனர்.

வருமானம் நின்றபோது

மனநலத்தைப் பற்றிப் பேசும்போது முதலில் பேச வேண்டியது அடுப்பைப் பற்றி. நாளைய சோற்றுக்கு வழி தெரியாத வீட்டில் அமைதி இருக்காது.

வார இறுதிச் சுற்றுலாப் பயணிகளை நம்பியிருந்த விடுதிப் பணியாளர், ஆட்டோ ஓட்டுநர், கடற்கரைச் சாலை சிறு வியாபாரி, காந்தி வீதியின் ஞாயிறு சந்தையில் துணி விற்பவர் ஆகியோரின் வருமானம் ஒரே நாளில் நின்றது. வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களை, நோய் பயத்தால் பல வீடுகள் வர வேண்டாம் என்றன.

மீனவக் குடும்பங்களுக்கு இரட்டை அடி. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். அதற்கு முன்பே ஊரடங்கு படகுகளைக் கரையில் நிறுத்திவிட்டது. இதனால் 2020-இல் மட்டும் தடைக்காலம் மே 31-உடன் முடிக்கப்பட்டது. ஆனாலும் கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்களின் வருமானம் உடனே திரும்பவில்லை.

1898-இல் தொடங்கப்பட்டு, பழையவர்களால் 'ரோடியர் மில்' என்று அழைக்கப்பட்ட ஏ.எஃப்.டி. பஞ்சாலை 2020 ஏப்ரல் 30-உடன் மூடப்பட்டது. பல ஆண்டு நட்டமே அதற்குக் காரணம், பெருந்தொற்று அன்று. இருந்தாலும், தலைமுறைகளாக அந்த ஆலையின் சங்கொலிக்கு எழுந்த குடும்பங்களுக்கு அச்செய்தி ஊரடங்குக்கு நடுவில் வந்து சேர்ந்தது.

உணவு வழங்கலில் புதுச்சேரிக்குத் தனிச் சிக்கல் ஒன்று இருந்தது. 2015 செப்டம்பர் முதல் இங்கு ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை நடைமுறையில் இருந்தது. ரேஷன் கடைகள் செயல்படவில்லை. ஆகவே மத்திய அரசு ஆளுக்கு மாதம் 5 கிலோ இலவச அரிசி அறிவித்தபோது, அதை வீடுகளுக்குக் கொண்டு சேர்க்க வேறு ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. நெருக்கடி வருமுன் சும்மா இருப்பதாகத் தோன்றும் ஒரு கடை, நெருக்கடியில் எவ்வளவு தேவை என்பதை இது காட்டியது.

வீட்டுக்குள் கூடிய வேலை

எல்லோரும் வீட்டில் இருந்தால் வேலை குறையும் என்பது பொதுவான எண்ணம். நடந்தது நேர்மாறானது. மூன்று வேளையும் எல்லோருக்கும் சமைக்க வேண்டும். வாங்கிவந்த காய்கறியைக் கழுவ வேண்டும். பாத்திரம், துணி, பிள்ளையின் இணைய வகுப்பு, மாமனார் மாமியாருக்கு மருந்து என அனைத்தும் ஒருவர் தலையில் விழுந்தன. அந்த ஒருவர் பெரும்பாலும் பெண்.

இது பெருந்தொற்றால் புதிதாக வந்த ஏற்றத்தாழ்வு அன்று. 2019-இல் எடுக்கப்பட்ட இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டனர். ஆண்கள் 97 நிமிடம். அதாவது ஊரடங்கு தொடங்கும் முன்பே பெண்ணின் பங்கு மூன்று மடங்கு. ஊரடங்கு அதன்மேல் இன்னும் ஏற்றிவைத்தது.

அதோடு இன்னொன்றும் போயிற்று. பெண்களுக்குத் தெருக்குழாயடி, பெரிய மார்க்கெட், பள்ளி வாசல், கோயில் ஆகியவை வேலை இடங்கள் மட்டுமல்ல. பேசி மனத்தை ஆற்றிக்கொள்ளும் இடங்களும்கூட. கூட்டத்தைக் குறைக்கப் பெரிய மார்க்கெட்டின் காய்கறிக் கடைகள் புதிய பேருந்து நிலையத்துக்கு மாற்றப்பட்டன. மணக்குள விநாயகர் கோயில் உள்ளிட்ட வழிபாட்டிடங்கள் மூடப்பட்டன. "மனசு சரியில்லை, கொஞ்சம் கோயிலுக்குப் போய்ட்டு வரேன்" என்று சொல்லிக் கிளம்பும் வழி அடைபட்டது. வேலை கூடியதைப் பலரும் பார்த்தனர். இளைப்பாறும் இடங்கள் போனதைக் கவனித்தவர் குறைவு.

மதுவும் வீட்டு வன்முறையும்

புதுச்சேரியில் மதுக்கடைகள் அதிகம் என்பது எல்லோரும் அறிந்தது. ஊரடங்கில் அவை ஏறத்தாழ இரண்டு மாதம் மூடியிருந்தன. 2020 மே 25 அன்று, தமிழ்நாட்டு விலைக்கு நிகராகும்படி சிறப்பு கோவிட் வரி விதிக்கப்பட்டுத் திரும்பத் திறக்கப்பட்டன.

இந்த இரண்டு மாதங்களின் விளைவு எல்லா வீட்டிலும் ஒன்றாக இல்லை. பழக்கமாக மட்டும் குடித்தவர் வீட்டில் பணம் மிஞ்சியது, சண்டை குறைந்தது. அடிமைநிலையில் இருந்தவர் வீட்டில் கதை வேறு. குடியைத் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், தூக்கமின்மை, மனக்குழப்பம், சிலருக்கு வலிப்புகூட வரும். இது மருத்துவரின் கண்காணிப்பில் கையாள வேண்டிய உடல்நிலை. மனஉறுதி இல்லாததன் அடையாளம் அன்று. இதை அறியாத குடும்பங்கள் அந்த நாட்களை அச்சத்தோடு கழித்தன. கடைகள் திறந்தபோது, குறைந்த வருமானத்தில் கூடிய விலை கொடுத்து வாங்கியவரின் வீட்டில் மற்ற செலவுகள் சுருங்கின.

ஊரடங்கின் தொடக்க வாரங்களிலேயே தேசிய மகளிர் ஆணையம் வீட்டு வன்முறைப் புகார்கள் கூடியிருப்பதாக எச்சரித்து, 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் வழியாகவும் புகார் பெறத் தொடங்கியது. ஐக்கிய நாடுகள் மகளிர் அமைப்பு இதைப் பெருந்தொற்றின் நிழலில் பரவும் இன்னொரு தொற்று என்ற பொருளில் குறிப்பிட்டது. வாட்ஸ்அப் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. அடிப்பவர் நாள் முழுதும் அதே அறையில் இருக்கும்போது தொலைபேசியில் பேச முடியாது. தாய்வீட்டுக்குப் போகப் பேருந்தும் இல்லை. 'வீட்டிலேயே இருங்கள், பாதுகாப்பாக இருங்கள்' என்ற அறிவுரை, வீடே பாதுகாப்பில்லாதவர்களுக்குப் பொருந்தவில்லை.

பிள்ளைகளும் பள்ளியும்

2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், இடையில் திறப்பதும் மீண்டும் மூடுவதுமாக 2022-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை இழுத்தன. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகள் அப்போது தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றியதால், 2020 ஜூனில் தமிழ்நாடு பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்ததும் இங்கும் மாணவர்கள் தேர்வின்றித் தேர்ச்சி பெற்றனர். கேட்கும்போது மகிழ்ச்சியான செய்தி. ஆண்டு முழுதும் உழைத்த பிள்ளைக்கோ தன் உழைப்பை அளந்துகாட்டும் வாய்ப்பு போயிற்று. சுமாராகப் படித்தவரோ 'ஆல் பாஸ்' என்ற கேலியைச் சுமந்தார்.

இணைய வகுப்பு வீட்டின் பொருளாதாரத்தை வெளிச்சம் போட்டது. 2020 செப்டம்பரில் ஊரகக் குடும்பங்களிடையே நடந்த 'அசர்' ஆய்வின்படி, பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் 61.8 விழுக்காட்டில்தான் ஸ்மார்ட்போன் இருந்தது. இருந்த வீட்டிலும் பெரும்பாலும் ஒன்றுதான். அதை அப்பா வேலைக்கு எடுத்துச் செல்வார். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் வகுப்பு இருந்தால் யாருக்கு முதலில் என்ற கேள்வி வரும். பல வீடுகளில் விடை அண்ணனுக்குச் சாதகமாகவும் தங்கைக்குப் பாதகமாகவும் அமைந்தது.

பள்ளி என்பது பாடம் மட்டுமல்ல. காலை பாலும் மதிய உணவும் கிடைக்கும் இடம். வீட்டுச் சண்டையிலிருந்து சில மணி நேரம் விலகியிருக்கும் இடம். முகம் வாடியிருந்தால் "என்னடா ஆச்சு?" என்று கேட்க ஓர் ஆசிரியர் இருக்கும் இடம். பள்ளி மூடியபோது இந்த மூன்றும் சேர்ந்து நின்றன. சிறு குழந்தைகள் தாயை விட்டு நகராமை, படுக்கையில் சிறுநீர் கழித்தல், காரணமில்லா அழுகை ஆகியவற்றைக் காட்டின. வளரிளம் பருவத்தினரிடம் எரிச்சல், இரவு முழுதும் கைபேசி, பகல் தூக்கம், பேச்சுக் குறைவு ஆகியவை தெரிந்தன. பெற்றோர் இவற்றை அடம் என்றும் சோம்பல் என்றும் எடுத்துக்கொண்டனர். உண்மையில் இவை பிள்ளைகள் தங்கள் கவலையைச் சொல்லும் மொழி.

முதியோர்

நோயால் அதிக ஆபத்து முதியோருக்கு என்பதால் அவர்களைக் காப்பதே எல்லோருடைய நோக்கமாக இருந்தது. அந்தக் காப்பே அவர்களைத் தனிமைப்படுத்தியது. கடற்கரைச் சாலையில் காலை நடை, தேநீர்க் கடையில் நாளிதழ், தெருவைப் பார்த்தபடி திண்ணைப் பேச்சு என்பவைதாம் பல முதியவர்களின் நாளை நகர்த்தின. புதுச்சேரியின் தமிழர் பகுதியில் பழைய வீடுகளின் வாசலில் திண்ணையும் தாழ்வாரமும் கட்டப்பட்டிருப்பதே தெருவோடு பேசுவதற்காகத்தான். அந்தத் திண்ணைகள் வெறிச்சோடின.

பேரப்பிள்ளை ஓடிவந்து மடியில் ஏறினால் "தாத்தாவைத் தொடாதே" என்று தடுக்க வேண்டியிருந்தது. காரணம் புரிந்தும் மனம் ஏற்கவில்லை. கண் பரிசோதனை, மூட்டு வலி, சர்க்கரை நோய்க்கான வழக்கமான மருத்துவமனைப் பயணம் தள்ளிப்போனது. 'நாம் பிள்ளைகளுக்குப் பாரம்' என்ற எண்ணம் பலரிடம் வேர்விட்டது.

எல்லை பிரித்த உறவுகள்

புதுச்சேரியின் தனி அனுபவம் எல்லை. பிரெஞ்சு ஆட்சிப் பகுதியாக இருந்த புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. 1963 ஜூலை முதல் யூனியன் பிரதேசம். அன்றைய பிரெஞ்சு எல்லைக்கோடு மாநில எல்லையாக நிலைத்தது. ஒரே சாலையில் சில கிலோமீட்டருக்குள் புதுச்சேரியும் தமிழ்நாடும் மாறிமாறி வரும் இடங்கள் இன்றும் உள்ளன.

மக்கள் அந்தக் கோட்டைப் பொருட்படுத்தி வாழ்ந்ததில்லை. பெண் கொடுத்ததும் எடுத்ததும் கடலூர், விழுப்புரம், திண்டிவனம், பண்ணுருட்டிப் பக்கங்களில். வயல் அங்கே, வேலை இங்கே. பிரசவத்துக்கும் பெரிய வைத்தியத்துக்கும் அக்கம்பக்கத்து மாவட்டத்தார் ஜிப்மருக்கு வருவார்கள். 2020-இல் எல்லைச் சாலைகளில் தடுப்பு வைத்து, அனுமதிச் சீட்டு கேட்கப்பட்டது. மகளின் தலைப்பிரசவத்துக்கு அம்மா வர முடியவில்லை. படுத்த படுக்கையான தந்தையைப் பார்க்க, அரைமணி நேரப் பயணத் தொலைவில் இருந்த மகன் மனுப்போட்டுக் காத்திருந்தார். ஜிப்மரின் வழக்கமான புறநோயாளர் பிரிவுகள் நிறுத்தப்பட்டுத் தொலைபேசி ஆலோசனை முறை வந்தது. பேருந்தேறி வந்து மருத்துவரிடம் நேரில் சொல்லிப் பழகிய கிராமத்து நோயாளிக்கு அது எளிதாக இல்லை.

இன்னொரு எல்லை கடலுக்கு அப்பால். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் 'சொல்தா' குடும்பங்களும், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற பிற குடும்பங்களும் இங்கு உண்டு. பெற்றோர் புதுச்சேரியில், பிள்ளைகள் பாரிஸ் நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் என்பது அவர்களின் வழக்கமான வாழ்க்கை. 2020 மார்ச் 17 அன்று பிரான்சிலும் ஊரடங்கு தொடங்கியது. அதே மாத இறுதியில் இந்தியாவுக்கான பன்னாட்டு விமானங்கள் நின்றன. சிறப்பு விமானங்கள் பின்னர் வந்தாலும், வழக்கமான சேவை 2022 மார்ச் 27 அன்றுதான் திரும்பியது. ஆண்டுக்கொருமுறை விடுமுறைக்கு வரும் மகனையும் பேரனையும் இரண்டு ஆண்டுகள் கைபேசித் திரையில் மட்டும் பார்த்தவர்கள் பலர். இறுதிச் சடங்கை வாட்ஸ்அப் காணொளியில் பார்த்து அழுத பிள்ளைகளும் இருந்தனர்.

தடைபட்ட துக்கம்

குடும்பங்களில் நெடுநாள் நீடித்த காயம் இதுதான். தமிழர் வாழ்வில் சாவு தனி ஒருவரின் துயரமாக விடப்படுவதில்லை. செய்தி கேட்டதும் தெரு கூடும். பெண்கள் கட்டிக்கொண்டு அழுவர், ஒப்பாரி எழும். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. உறவினரோ அண்டை வீட்டாரோ சோறு கொண்டுவருவர். வாய்க்கரிசி, கொள்ளி, பால் தெளி, பதினாறாம் நாள் கருமாதி என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கடமை உண்டு. துக்கம் விசாரிக்க வருவோரிடம் "எப்படி ஆச்சு?" என்ற கேள்விக்கு அந்தக் குடும்பம் நூறு முறை பதில் சொல்லும். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் மனம் அந்த இழப்பை ஏற்றுக்கொள்கிறது. கிறித்தவ, இசுலாமியக் குடும்பங்களிலும் தொழுகை, திருப்பலி, வீடு தேடிவரும் உறவினர் என இதற்கிணையான ஏற்பாடுகள் உள்ளன.

பெருந்தொற்றில் இவை அனைத்தும் ஒரே நேரத்தில் அறுந்தன. இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்ற வரம்பு வந்தது. நடுவண் சுகாதார அமைச்சகம் 2020 மார்ச்சில் வெளியிட்ட நெறிமுறை, உடலைக் குளிப்பாட்டுவதையும் கட்டியணைப்பதையும் தடுத்தது. அதே நெறிமுறை, உறவினர் முகத்தைப் பார்க்கலாம், தொடாமல் செய்யும் சடங்குகளைச் செய்யலாம், சாம்பலால் ஆபத்து இல்லை என்பதால் அதைச் சேகரிக்கலாம் என்றும் சொல்லியது. ஆனால் அச்சம் மிகுந்த அந்நாட்களில் தடுத்த பகுதி பரவிய அளவுக்கு அனுமதித்த பகுதி பரவவில்லை. முகத்தைக்கூடப் பார்க்காமல் விலகிய குடும்பங்கள் உண்டு. 2020 ஜூனில், புதுச்சேரியில் கோவிட்டால் இறந்த ஒருவரின் உடலைப் பணியாளர்கள் குழிக்குள் தள்ளிவிடும் காணொளி நாடெங்கும் பரவியது; விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. அதைப் பார்த்த ஒவ்வொருவரும் தம் வீட்டாரை நினைத்துக்கொண்டனர்.

வழியனுப்ப முடியாமல் போனவர்களிடம் குற்ற உணர்வு நீடித்தது. "கடைசியா ஒரு வாய் தண்ணி கொடுக்கல", "நான்தான் வெளியே போய் நோயைக் கொண்டுவந்தேன்" என்ற எண்ணங்கள் மாதக்கணக்கில் வாட்டின. இழப்பின் துயரம் பல மாதங்கள் கழிந்தும் தணியாமல் அன்றாட வாழ்க்கையையே முடக்கினால், அதை 'நீடித்த துக்க நோய்' என்று இன்றைய மருத்துவம் வகைப்படுத்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது இந்நோய்க்கு அதில் இடம் கிடைத்திருந்தது. உரிய ஆலோசனையால் இது குணமாகக்கூடியது. காலம் கடந்தாலும் செய்யலாம் என்று பெரியவர்கள் சொல்லும் நினைவுநாள் வழிபாடு, திதி, உறவினர் கூடி இறந்தவரைப் பற்றிப் பேசுவது ஆகியவையும் மனத்துக்குப் பெரிய ஆறுதல்.

மனநலப் பாதிப்பின் அளவு

பெருந்தொற்றின் முதல் ஆண்டில் உலக அளவில் பதற்றமும் மனச்சோர்வும் 25 விழுக்காடு கூடியதாக 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது. பெண்களும் இளைஞர்களும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர்.

இந்தியாவில் சிக்கல் முன்பே இருந்தது. 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை. புதுச்சேரிக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2015-ஆம் ஆண்டுக் கணக்கில், தற்கொலை விகிதம் நாட்டிலேயே புதுச்சேரியில்தான் மிக அதிகம்: 1 லட்சம் பேருக்கு 43.2, நாட்டின் சராசரி 10.6. ஆகவே பெருந்தொற்று இங்கு ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்த கூரையின் மேல் பெய்த மழை.

உறவுகள் வலுப்பட்ட இடங்கள்

எல்லாம் இழப்பே என்பதும் சரியன்று. இரவு மட்டும் வீடு வரும் தந்தையர் பிள்ளைகளோடு தாயமும் பல்லாங்குழியும் ஆடினர். சமையலில் கைகொடுத்த ஆண்கள், அது எவ்வளவு பெரிய வேலை என்று உணர்ந்தனர். பாட்டி சொன்ன கதைகளுக்குக் கேட்க ஆள் கிடைத்தது. தனிமைப்படுத்தப்பட்ட வீட்டு வாசலில் பால் பாக்கெட்டும் காய்கறியும் வைத்துவிட்டுச் சென்ற அண்டை வீட்டார் ஒவ்வொரு தெருவிலும் இருந்தனர். ஒரே வீட்டில், ஒரே ஊரடங்கில், சில குடும்பங்கள் நெருங்கின, சில விரிந்தன. வேறுபாட்டுக்குக் காரணம் அன்பின் அளவு மட்டுமல்ல. நிலையான வருமானம், போதிய இடம், வேலைப் பகிர்வு, வெளியிலிருந்து கேட்க ஒருவர் ஆகியவை இருந்த வீடுகள் எளிதாகத் தாங்கின.

இனி ஒரு நெருக்கடி வந்தால்

இந்த அனுபவத்திலிருந்து குடும்பங்கள் எடுத்துக்கொள்ளக்கூடியவை:

- வேலையைப் பெயர் சொல்லிப் பகிர வேண்டும். 'உதவுகிறேன்' என்பதைவிட 'இரவுப் பாத்திரம் என் பொறுப்பு' என்பது பயனுள்ளது.
- சிறிய வீட்டிலும் ஒவ்வொருவருக்கும் தினமும் சிறிது நேரம் தனிமை வேண்டும்.
- பிள்ளைகளிடம் நோயைப் பற்றி வயதுக்கேற்ப உண்மையைச் சொல்ல வேண்டும். மறைத்தால் அவர்கள் கற்பனை செய்துகொள்வார்கள். அது உண்மையைவிடக் கொடியதாக இருக்கும்.
- முதியவர்களுடன் தினமும் ஒரு குறித்த நேரத்தில் பேசுவது மருந்துக்கு இணையானது.
- இறப்பு நேர்ந்த வீட்டுக்குப் போக முடியாவிட்டால் தொலைபேசியிலாவது துக்கம் விசாரிக்க வேண்டும். என்ன பேசுவது என்று தெரியாமல் விலகுவதைவிட, கூட இருந்து கேட்பது போதும்.
- இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, ஆர்வம் குறைந்திருந்தால், அல்லது வாழ வேண்டாம் என்ற பேச்சு வந்தால், உடனே மருத்துவ உதவி நாட வேண்டும்.

உதவிக்கான இலவசத் தொலைபேசி எண்கள்: மனநல ஆலோசனைக்கு 14416 ('டெலி மானஸ்', 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது, தமிழிலும் பேசலாம்), குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, அவசர உதவிக்கு 112. டெலி மானஸ் பெருந்தொற்றின் நேரடி விளைவு. மக்களின் மனநலத்தை அது பாதித்தது என்பதைச் சுட்டியே 2022 நிதிநிலை அறிக்கையில் இத்திட்டம் அறிவிக்கப்பட்டது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகப் பி.எம். கேர்ஸ் குழந்தைகள் திட்டம் 2021 மே மாதம் அறிவிக்கப்பட்டது.

தொகுப்புரை

குடும்பத்தின் நலம் நான்கு சுவருக்குள் உருவாவதாக நாம் நினைத்துவந்தோம். புதுச்சேரியின் அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. பள்ளி, ரேஷன் கடை, மார்க்கெட், கோயில், திண்ணை, கடற்கரை, எல்லை தாண்டி வரும் பேருந்து, துக்கம் விசாரிக்க வரும் உறவு ஆகியவை சேர்ந்துதான் ஒரு வீட்டைத் தாங்கிப் பிடிக்கின்றன. அவை அகன்றபோது, அந்தப் பாரம் முழுதும் வீட்டிலுள்ளோர் மேல், அவர்களிலும் பெண்கள், பிள்ளைகள், முதியோர் மேல் இறங்கியது. ஆகவே அடுத்த பெருந்தொற்றுக்கான ஆயத்தத்தில் படுக்கைகளையும் ஆக்சிஜனையும் எண்ணும்போதே, பள்ளியை எப்படித் திறந்து வைப்பது, அரிசியை யார் கொண்டு சேர்ப்பது, எல்லைக்கு அப்பால் இருக்கும் தாய் மகளிடம் எப்படி வருவது, இறந்தவர் முகத்தைக் குடும்பம் எப்படிப் பார்ப்பது என்பனவற்றையும் முன்கூட்டியே எண்ணி வைக்க வேண்டும்.